நாற்பத்திரண்டு புள்ளி

வியாழன் மூன்றாம் பாடம் எனக்கு ஓய்வு.
நேர அட்டவணையில் அப்படித்தான் கிடக்கு.
கணக்கு சேர் கொழும்புக்குப் போனால்
எட்டு-பி எனக்கு.
பரிசளிப்பு வந்தால் பனர் எனக்கு.
டெங்கு வாரத்துக்கு நுளம்பும் நானே கீறவேணும்.
"பெரிசாக் கீறுங்கோ ரீச்சர்,
பின்னால இருக்கிறவைக்கும் தெரியோணும்."
பதினொரு வருசத்தில்
நான் கீறின ஆகப் பெரிய உயிர்
அந்த நுளம்புதான்.

இரவு பத்துக்குப் பிறகு,
மகள் படுத்த பிறகு,
குசினி மேசையில் கன்வஸைச் சாய்த்து வைப்பேன்,
முட்டுக்குடுக்கச் சீனிப் போத்தல்.
அராலிப் பாலத்தடிக் கடல்.
ஒன்றரை வருசமாய் அது முடியவில்லை.
ஒவ்வொரு இரவும் ஒன்றைச் சேர்க்கிறேன்:
களங்கட்டித் தடிகள், ஒரு கொக்கு,
பாலத்தில் ஒரு சைக்கிள்காரன்.
சேர்க்கச் சேர்க்க
பாடப்புத்தகத்துப் பக்கம்போல் ஆகுது.
கரும்பலகையில் நான் எழுதிப்போடும் விதிகள்
இரவில் வந்து
என் மணிக்கட்டைப் பிடிக்கின்றன.

இரண்டாம் தவணைப் பரீட்சை.
தலைப்பு: சந்தையில் ஒரு காலை.
பவிசாந்தின் தாளில்
கீழ்மூலையில் ஒரு தராசு,
ஒரு பிடி வெங்காயம்.
மிச்சம் முழுக்க வெள்ளை.
"சனம் எங்கையடா?"
"வந்தவை ரீச்சர். போயிட்டினம்."
இடநிரப்பல் போதாது. நாற்பத்திரண்டு.
சிவப்புப் பேனையால் போட்டு
பட்டியலெழுதி
ஒப்பீசில் குடுத்தும் விட்டேன்.

அன்றிரவு கொக்கைச் சுரண்டினேன்.
பிறகு சைக்கிள்காரனை.
பிறகு பாலத்தையே.
கீழ்மூலையில் ஆறு தடி மட்டும்.
மேலே இருப்பது தண்ணியோ வானமோ,
எனக்கும் தெரியாது.
ஒன்றரை மணிக்குத் தூரிகை கழுவினேன்.
இனித் தொடத் தேவையில்லை.

நல்லூரில் ஒரு மண்டபத்தில் தொங்கியது.
பெயர், எண்ணெய் வர்ணம், ஆண்டு.
"துணிச்சலான வெறுமை" என்றார்
கண்ணாடி போட்ட ஒருவர்.
நான் தேத்தண்ணியைக் குடித்தேன்,
சூடு ஆறாமலே.

வெள்ளிக்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.
அவன் தன்னுடையதை விரித்து
வெள்ளையைக் கொஞ்சநேரம் பார்த்தான்.
"ரீச்சர், இதை நிரப்பிக்கொண்டு வந்தால்
கூடப் போடுவியளோ?"
பிறஷில் ஏற்கனவே பச்சை தோய்த்திருந்தான்.

"வையடா அதை!"
வகுப்பே திரும்பிப் பார்த்தது.
"ஏன் ரீச்சர்?"

பட்டியல் போயிட்டுது, புள்ளி இனி மாறாது
என்று சொன்னேன்.
பொய்யில்லை.
வாசலில் அதிபர் நின்றார்:
கணக்கு சேர் இன்றைக்கும் வரவில்லையாம்.
சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு
எட்டு-பிக்கு நடந்தேன்.
திரும்பிப் பார்க்கவில்லை,
பிறஷை வைத்தானா என்று.