வாடிக்கையாளர் கையொப்பம்

நுங்கம்பாக்கத்தில் ஏழாவது மாடி.
எங்கள் பராமரிப்பில் இல்லாத லிஃப்ட்.
நாலாவது தளம் தாண்டும்போது சின்னதாக ஒரு கிரீச்.
ஷூவுக்கு எண்ணெய் கேட்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.

புனேக்காரர்களின் வக்கீல் பெண் பட்டியல் வாசித்தாள்:
இருநூற்றுப் பன்னிரண்டு ஒப்பந்தங்கள்,
ஆறு பைக்,
அம்பத்தூர் கிடங்கில் கம்பிவடம், பித்தான்கள், செயின் பிளாக்.
நற்பெயர்,
அதற்கெதிரே ஒரு கோடியே பத்து லட்சம்.

தொண்ணூற்றெட்டில் போர்டு எழுதியவன்
எழுத்துக்கு இருபது ரூபாய் கேட்டான்.
உமையாள், நாலெழுத்து போதும் என்றேன்.
இனி அதை
ரேஷன் கார்டில் மட்டும் நான் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து வருஷத்துக்கு எந்த லிஃப்டையும் தொடக்கூடாது.
"ஏறிப் போகலாம் மேடம்" என்று வக்கீல் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
சிரித்தபடியே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து.

வெள்ளத்து டிசம்பரில்
கோட்டூர்புரத்துக் குழிக்குள் இடுப்பளவு நீரில் நின்று
தேவசகாயமும் நானும் விடியும்வரை இறைத்தோமே,
அது பட்டியலில் இல்லை.
அவர்கள் கேட்கவில்லை,
நானும் விலை சொல்லவில்லை.

பணம் வந்ததும் வங்கியின் குறுஞ்செய்தி.
பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணினேன்.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
தூக்கம்தான் வந்தது,
இருபத்தாறு வருஷத்துப் பாக்கித் தூக்கம்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு
தலையணைக்கடியில் கை தானாகப் போயிற்று.
போன் இருந்தது.
அடிக்கிற எண் அதில் இல்லை.
எண்ணையும் சேர்த்துத்தானே விற்றேன்.

ஆடியில் ஒரு நாள்
கீழ்ப்பாக்கத்துப் பல் டாக்டரிடம் போகையில்
கரண்ட் போய்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றது லிஃப்ட்.
ஜெனரேட்டர் உறுமி உறுமி அடங்கியது.
இருட்டில் கைபேசி வெளிச்சத்தில்
ஓரம் உரிந்த எங்கள் மஞ்சள் ஸ்டிக்கர்.
ஸ்டிக்கரைப் பார்க்காமலே எண்ணை அழுத்தினேன்.

"வணக்கம், உமையாள் லிஃப்ட் சர்வீஸ்."
என் பெயரை என்னிடமே சொன்னான் ஒரு பையன்.
என் பெயர் கேட்டான்.
பக்கத்து வீட்டு வசுமதியின் பெயரைச் சொன்னேன்.

"கதவுல சாயாதீங்க மேடம்.
மேல ஓட்டை இருக்கு, காத்து வரும்.
பயப்படாதீங்க."

அந்த வாக்கியம் நான்
ராத்திரி போன் எடுக்கும் காஜாவுக்காக
சார்ட் பேப்பரில் பச்சை ஸ்கெட்ச்சால் எழுதி ஒட்டியது.
அடியில் இன்னொரு வரி உண்டு:
நீங்க வெளிய வர வரைக்கும் லைன்லயே இருப்பேன்.
அதற்காகக் காத்திருந்தேன்.
லைன் கட்டாயிற்று.

காற்று வந்தது, உண்மைதான்.
எந்தப் பக்கமும் சாயாமல் நின்றேன்.
மேலே கியர் பெட்டி எந்த மாடல் என்று தெரியும்,
பிரேக்கை விடுவிக்கும் சாவி எந்த ஆணியில் என்றும் தெரியும்.
பைக்குள் கையை வைத்துக்கொண்டேன்.

கதவை நெம்பித் திறந்தது தேவசகாயம்.
புதுச் சட்டை, நீலம், காலரில் பெயர்.
"அக்கா?" என்றான்.
பிறகு, "ஒரு அடி பள்ளம், பாத்து ஏறுங்க."
கை நீட்டினான்.
அதே கிரீஸ் வாசனை.

பத்தொன்பது நிமிஷம்.
எங்கள் காலத்தில் சராசரி இருபத்துநாலு,
அதையே பெருமையாக போர்டில் போட்டிருந்தேன்.

சீட்டை நீட்டும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"இங்க ஒரு கையெழுத்துக்கா.
கஸ்டமர்னு போட்டிருக்கு பாருங்க, அங்க."
பேனா எழுதவில்லை.
இரண்டு முறை உதறினேன்.