படத்தில் விழாத பகுதி

துத்தநாகம் போட மறந்த கிழமை
குழாயின் அடியில் வெள்ளையாய்த் திரைந்து கிடந்தது.
மடியாத புரதம் திரைந்த பால்தான்,
ஒரு தேத்தண்ணிக்கும் ஆகாது.

இம்முறை ஒரு சிட்டிகைக்கும் குறைவு,
திருநெல்வேலிக் கிணற்றுச் சுண்ணாம்பை
மூன்று தரம் வடித்து விரட்டிய பிறகு.
தெளிந்து நின்றது.
நான் கும்பிடவில்லை.
ஆழ்குளிர்ப் பெட்டியின் கதவை மட்டும்
மெதுவாகச் சாத்தினேன்.

பிறகு கரண்ட் போனது.

மடிக்கணினியில் இன்னும் நாற்பது நிமிடம்.
தூரதேசத்துக் கதிர்க்கூடமொன்றில் யாரோ படமெடுத்த
இதே குடும்பத்து யுபிக்விட்டின் லிகேஸ்
திரையில் சுழல்கிறது,
அவசரத்தில் சுருட்டி
அலுமாரிக்குள் எறிந்த நாடா போல.
சாம்பல் உருண்டைகள் துத்தநாகம்.
ஒவ்வொன்றையும் நாலு பக்கத்தால்
இழுத்துப் பிடிக்கின்றன சிஸ்டைன்கள்.
ஒன்று கைவிட்டாலும் பந்தல் சரியும்.

வேலை செய்யும் அந்த ஒரேயொரு கந்தகத்தைத்
தன் உடம்பின் இன்னொரு மடிப்பாலேயே
பொத்தி வைத்திருக்கிறது.
கூப்பிடும்வரை தொடாத கை.
மூன்று நாளாய் இதைத்தான் பார்க்கிறேன்.
சோறு பிசையும்போதும்
பெருவிரலை உள்ளே மடக்கிப் பார்க்கிறேன்.

செபமாலை அண்ணை, பாசையூர்,
குழாய் கழுவிய ஈரக் கையோடு
பின்னால் வந்து நின்றார்.
"உது என்ன வேலை பாக்கும்?"
"அழிக்கவேண்டிய ஆக்களுக்கு அடையாளம் குத்தும்.
மிச்சத்தை வேற ஒண்டு பாக்கும்."
புரதங்களுக்கு என்றுதான் சொல்ல வந்தேன்.

"தலையாட்டி," என்றார்.

"இல்லை அண்ணை, பழுதானதுக்கு மட்டும்தான்.
இது இல்லாட்டிக் கலம் செத்துப்போகும்."

"அவையும் அப்பிடித்தான் சொன்னவை."

மின்விசிறி நின்ற அறை.
என்னிடம் இருந்தது பாதி ஆய்வேடு,
இருநூற்றுப் பதினொரு மேற்கோள்கள்.
அதை நான் திறக்கவில்லை.

அவர் குனிந்து திரையில் விரல் வைத்தார்,
நாடா அறுந்து
புள்ளிக்கோடாய்ப் போகும் இடத்தில்.
கண்ணாடியில் ஒரு துளி தண்ணீர்.
"இது இல்லையோ?"
"இருக்கு. இருபத்தாறு அமினோ அமிலம்.
ஓரிடத்தில நிக்காமல் ஆடினபடியால்
படத்தில விழேல்லை."
"விழாததை இருக்கெண்டு எப்பிடிச் சொல்லுறது?"
"வரிசை இருக்கு அண்ணை.
இங்கயிருந்து அங்க எண்ணினால்
இடையில இருபத்தாறு வருது."

ஒன்றும் சொல்லாமல்
பேசின் பக்கம் போனார்.
குழாய்களைக் கவிழ்த்துவைக்கும் சத்தம்
வழமையைவிட மெல்லக் கேட்டது.

கரண்ட் வந்தது. பெட்டி முனகியது.
மைனஸ் அறுபத்தொன்று. தாங்கும்.
திரையில் காய்ந்த துளி
வெள்ளையாய் ஒரு வட்டம் விட்டிருந்தது,
இந்த ஊர்த் தண்ணி விடுகிற வட்டம்.

மறுநாள் காலை
நான் பையை இறக்கமுதல்
வாளியோடு வாசலில் நின்றார்.
"சரியா இருபத்தாறுதானோ?"

"ஓம் அண்ணை.
ரெண்டு தரம் எண்ணினனான்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.