தலைக்கனம்

பகலில் நான் பல் செய்கிறவள்.
தொலூகாவில், ஜன்னலில்லாத அறையில்,
முகம் தெரியாதவர்களின் அண்ணங்கள்
பிளாஸ்டர் அச்சுகளாய் என் மேசையில் கவிழ்ந்திருக்கும்.
அதனால்தான்
சிலிண்டர் தலையைத் திருப்பிப் பார்த்ததும்
"இரண்டு வாய்" என்றேன்.
நிக்காந்த்ரோ சிரித்தான்.
அவனுக்கு அவை இரண்டு கிண்ணம், அவ்வளவுதான்.

நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீ.
பாதி அவனுடையது, பாதி என்னுடையது.
அவன் தொண்ணூற்று நாலு கிலோ, நான் ஐம்பத்திரண்டு.
அவன் ஏறினால் மூக்கைத் தூக்க யோசிக்கும்,
நான் ஏறினால் என்னைக் கேட்காமலே கிளம்பும்.
சண்டை தலையைப் பற்றி என்றுதான் இருவரும் சொல்லிக்கொள்கிறோம்.

பிளக் துளையில் மானியைத் திருகி
விசையை முழுக்க இழுத்துப் பிடித்து
ஸ்டார்ட்டரை அழுத்தினான்.
நூற்று இருபத்தைந்து.
"சோனி எஞ்சின்" என்றான். "நூற்று எண்பது வேண்டும்."
மொரேலியாவில் ஒருவன் விற்கிறானாம்,
கம்பெனித் தலைதான்,
கடைசலில் கொடுத்து முகத்தை வழித்தது,
பாதி விலை.

வழித்த உலோகத்தை யார் திருப்பி ஒட்டுவது?
பல்லை ராவுவதும் அப்படித்தான்.
ராவ ராவ அழகு,
ஓர் இழை கூடிப்போனால்
நரம்பு.

நூற்று எண்பது, சரி. எங்கே நூற்று எண்பது?
வாயே தே பிராவோ ஏரி
கடலுக்கு மேலே ஆயிரத்து எண்ணூறு மீட்டர்.
மலையேறும் வழியிலேயே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு
களைத்து உட்கார்ந்துவிடுகிறது.
மார்ச்சில் நாம் இறங்கப்போவது திரோன்கோனெஸ்.
அங்கே காற்று நிறைமாதக் காற்று.
அதே தலை, அதே பிஸ்டன்,
முள் மட்டும் இருநூற்று இருபதுக்குப் போகும்.
சிவப்புக் குழாய்ப் பெட்ரோல் அவ்வளவு பொறுக்காது,
பொறி வருமுன் தானாக வெடிக்கும்,
தகர டப்பாவில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி.
ஃபாவியோலாவின் வண்டியில் கேட்டோமே.
பிஸ்டன் உச்சியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
அவள் இப்போது அதில் வீட்டுச் சாவிகளைக் கோத்திருக்கிறாள்.

"கடலில் மூன்று நாள்" என்றான்,
"ஏரியில் வருஷம் முழுக்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மூன்று நாளுக்காக ஒரு தலையா?

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
அவர்கள் இதையெல்லாம் வாங்கியதில்லை.
இந்தத் தலைக்கு
மேலே வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தால்தான் உயிர்,
ஒரு நிமிடம் நின்றால் வெந்துவிடும்.
சாணும் முழமும் இங்கே கிடையாது.
பிஸ்டனுக்கும் கூரைக்கும் நடுவே
ஈயக்கம்பியை நசுக்கி எடுத்துப் பார்த்தேன்:
ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
பல் லேபின் சிரிஞ்சால்
இரண்டு வாய்க்கும் எண்ணெய் புகட்டி அளந்தேன்.
இடது வாய் அரை சொட்டு பெரியது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

வாங்கியது நான்தான்.
தடித்த நீல அலுமினியக் கூடு,
உள்ளே கழற்றி மாட்டும் குவிமாடங்கள்,
ஏரிக்கு முப்பத்து மூன்று சிசி,
கடலுக்கு முப்பத்தேழு.
இரண்டு மாத வாடகை.
நிக்காந்த்ரோ கூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு
"அழகாய் இருக்கிறது" என்றான்,
தோற்றவன் குரலில் இல்லை,
பணம் தராதவன் குரலில்.

திரோன்கோனெஸ். விடியவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குவிமாடங்களை மாற்றினேன்.
ரப்பர் வளையத்தில் மணல்,
துடைத்தேன், மறுபடி மணல்.
"அதையே விடேன், யாருக்குத் தெரியும்?" என்றான்.
தலைக்கனம் தலைக்கு மட்டும் இல்லை.
போல்ட்டுகளை மூன்று சுற்றாக,
குறுக்குக்குறுக்காக முறுக்கினேன்.

முதலில் அவன்தான் போனான்.
இரண்டாவது அலையில் மூக்கு நிமிர்ந்து
தொண்ணூற்று நாலு கிலோவும் ஆகாயத்தில்.
நான் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தக் கரையில் மணல் கொஞ்சம்தான்,
மிச்சமெல்லாம் கூழாங்கல்.
ஒவ்வோர் அலையும் பின்வாங்கும்போது
தகர டப்பாவில் சரளை.
எது கடல், எது எஞ்சின்?
பிளக் சாவியைக் கையில் பிடித்தபடி
முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்.
அவன் இன்னும் ஒரு சுற்று என்று விரல் காட்டுகிறான்.