இரு பக்கத் தாழ்ப்பாள்

படிவத்தில் இரண்டாவது கட்டம்: நோக்கம்.
திங்கட்கிழமை அதில் 'மறு அடமானம்' என்று எழுதினேன்,
வட்டி ஏறி மூச்சுத் திணறும் பிக்கரிங் வீடொன்றுக்கு.
செவ்வாய், 'வரி முறையீடு':
தன் வீடு அவ்வளவு பெறாது என்று
தானே வாதாடும் ஓய்வுபெற்ற பஸ் சாரதி.
புதன், எஜாக்ஸ்.
மார்ச் மழை, பாதி உருகிய அழுக்குப் பனி,
டிரைவ்வேயில் இரண்டு கார்கள்
ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நின்றன.
நோக்கம்: பங்கு பிரித்தல்.

கதவைத் திறந்தவர் கேதீசர், மூத்தவர்.
இருக்கப்போகிறவர்.
தம்பியின் பாதியை விலைக்கு வாங்கப்போகிறவர்.
நான் சப்பாத்தைக் கழற்றுமுன்பே சொன்னார்,
"வீடு சரியில்லை தங்கச்சி."
எனக்குத் தெரிந்து எவரும் தம் வீட்டை
இவ்வளவு அக்கறையாகப் பழித்ததில்லை.
கூரை இன்னொரு குளிர்காலம் தாங்காதாம்.
குளியலறை மூலையில் கறுத்த பூஞ்சணத்தை
ரோச் அடித்துக் காட்டினார்.
"ஜன்னலடியில கையை வைச்சுப் பாருங்கோ, காத்து வருது."
நிலவறையில் தண்ணீர் இறைக்கும் பம்ப்
அவர் சொல்லி வாய் மூடுமுன்
உறுமத் தொடங்கியது, கூலிக்கு வந்த சாட்சி போல.

ஆரூரன் பின்னாலேயே வந்தான்.
போகப்போகிறவன்.
விட்பியில் வீடு பார்த்தாயிற்று,
முற்பணத்துக்கு இந்தப் பாதி வேண்டும்.
"ஓக் மரப் படி, மேடம். நான்தான் போட்டது.
ஆறு சனி, ஆறு ஞாயிறு."
"குசினிக் கல்லைத் தட்டிப் பாருங்கோ."
"காலமை வெயில் நேரா இந்த மேசைக்கு வரும்."
அன்றைக்கு வெயில் இல்லை.
இரண்டு வருஷமாக அவன் சாப்பிடுவது கீழே.
வெறும் மேசையைக் காட்டினான்.
நானும் பார்த்தேன்.

லேசரைச் சுவரில் வைத்தேன்.
சிவப்புப் பொட்டு. அதற்குப் பட்சமில்லை.
பதினான்கு அடி, இரண்டு அங்குலம்.
திரையில் விழுந்த எண்ணை
இருவரும் எட்டிப் பார்த்தார்கள்,
ஒரே இடத்தில் வழுக்கை விழுந்த
இரண்டு தலைகள்.

குசினிக்குப் பக்கத்தில், கீழே இறங்கும் கதவு.
மேலே அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம்.
இந்தப் பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள், களிம்பேறியது.
அந்தப் பக்கமும் ஒன்று. புதிது.
விலைத்தாள் இன்னும் உரிக்கப்படவில்லை:
பதினொரு டொலர் தொண்ணூற்றொன்பது.
யார் முதலில், எந்த இரவு, எந்தச் சொல்லுக்குப் பிறகு,
நான் கேட்கவில்லை.
கதவுக்குப் படிவத்தில் ஒரு வரி உண்டு. 'நிலை: நன்று.'
தாழ்ப்பாளுக்கு இல்லை.
படம் எடுத்தேன். காருக்குள் வந்து அழித்தேன்.

அக்கம்பக்கத்தில் ஆறு மாதத்துக்குள் விற்ற மூன்று வீடுகள்.
ஒன்றுக்குக் கராஜ் பெரிது, கழித்தேன்.
ஒன்றுக்கு நிலவறை வெறும் சிமெந்து, கூட்டினேன்.
மூன்றாவது கடைசிவரை இணங்கவில்லை.
அனுமதி எடுக்காத கீழ்க் குசினியைப் பற்றி
ஒரு பத்தி, யாருக்கும் நோகாத சட்ட பாஷையில்.
கூரைக்குக் கொஞ்சம் இறங்கியது,
படிக்குக் கொஞ்சம் ஏறியது,
வெயிலுக்கு ஒன்றுமில்லை.

வெள்ளி பின்னேரம் அனுப்பினேன்.
ஆரூரனிடமிருந்து ஒரு வரி: "பரவாயில்லை. நன்றி."
கேதீசர் இரவு ஒன்பதரைக்கு அழைத்தார்.
கொடுக்கவேண்டிய தொகை
அவர் பயந்ததைவிடக் குறைவு.
அதைச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, அந்தப் படி...
அதுக்கு நீங்கள் போட்டது காணாது."