உள்பக்கப் பனி

மைனஸ் முப்பத்திரண்டு.
ரெஜைனாவில் இன்று பள்ளிப் பஸ் ஓடாது.
என் சமையல்மேசையில் ஏழாம் வகுப்பு
இருபத்தொரு கறுப்புக் கட்டங்களாய்க் கூடியிருக்கிறது.

நீராவி எங்கே போகிறது?
கேட்டேன்.
யார் வீட்டு நாயோ பதில் சொன்னது.

பாடத்தை மூடினேன்.
எழுத வேண்டாம், வரையுங்கள்,
இந்த நிமிடம் உங்கள் பக்கத்தில் இருக்கும் தண்ணீரை.

முதலில் ஒரு கெட்டில் வந்தது.
பிறகு மீன்தொட்டி,
மாதுமையின் பாதி குடித்த தேநீர்,
கானரின் மூக்கு, ஒழுகியபடி.

செப்டம்பரிலிருந்து ஒரு சொல்லும் தட்டாத ஜெரிக்
ஒரு படம் அனுப்பினான்.
தாளில் அல்ல,
உறைந்த கார்க் கண்ணாடியில் நகத்தால் கீறிய வாத்து.
வாத்தின் வயிற்றுக்குள்
தூரத்து நூலக வாசல் விளக்கு.

'பனி உள்ளேயா வெளியேயா?' மாதுமை தட்டினாள்.
'உள்ளே.'
'தண்ணீர் ஊற்றினாயா?'
'இல்லை.'
'அப்போ மூச்சு!' கானர், எழுத்துப் பிழையோடு.

ஆளாளுக்கு ஜன்னலுக்கு ஓடி ஊதினார்கள்.
கட்டங்கள் திறந்தன,
வாய்கள், நெற்றிகள், மங்கிய கண்ணாடிகள்.

யாருடைய மூச்சு என்று நான் கேட்கவில்லை.
அவனே எழுதினான்:
'பாதி என்னுடையது.
பாதி அம்மாவுடையது, இரவு வேலை முடித்து
பின்சீட்டில் தூங்குகிறார்.
இங்கேதான் வைஃபை கிடைக்கிறது.
மைக் போடச் சொல்லாதீங்க, மிஸ்.'

சொல்லவில்லை.
மதிப்பெண் ஏட்டில்
'பங்கேற்பு' என்ற பத்தியில்
அவன் பெயருக்கு நேரே ஒரு வாத்து வரைந்தேன்.
கழுத்துதான்
கொஞ்சம் நீண்டுவிட்டது.