சாவிக்கொத்து

பெரியாஸ்பத்திரி எதிரே எங்கள் மருந்துக்கடை.
பனகல் ரோட்டுப் புழுதி
முதலில் எங்கள் கண்ணாடி மேசையில் உட்கார்ந்துவிட்டுத்தான்
மற்ற கடைகளுக்குப் போகும்.

ஏழு வருஷமாக நிற்கிறேன்.
சீட்டை நீட்டும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.
மடித்து நீட்டினால் ஒன்று,
கவிழ்த்து வைத்தால் ஒன்று.
செல்போனுக்கு அடியில் வைத்துத் தள்ளினால்
மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூடாது.
"இதா, பத்து நாளைக்கா?" என்பேன்,
உப்புப் பாக்கெட் விலை சொல்வதுபோல.

என் மாத்திரையும் இங்கேதான் இருக்கிறது.
மூன்றாவது அடுக்கு, இடமிருந்து இரண்டாவது இழுப்பறை.
தினம் நாலைந்து பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன்.
எனக்கு மட்டும்
வைகையைத் தாண்டி, செல்லூரில் போய் வாங்குகிறேன்,
பத்து சதவீதத் தள்ளுபடியை விட்டுவிட்டு.
அந்தக் கடை பில்லில் என் பெயர் சுகந்தி.

கடைசியாக விழுந்தது அரசரடி பஸ் ஸ்டாப்பில்.
மூன்று வருஷம் ஆகப்போகிறது.
கண் விழித்தபோது
உள்ளங்கையில் யாருடைய சாவிக்கொத்தோ.
ஒரு ஸ்கூட்டர் சாவி, ஒரு பீரோ சாவி,
காது உடைந்த பிளாஸ்டிக் யானை.
சொந்தக்காரர் வெயிலில் நின்றபடி
திருப்பிக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தார்.
இரும்பால் ஒன்றும் நிற்பதில்லை, அது தானாக நிற்கும்.
மருந்துக்கடைக்காரி, எனக்குத் தெரியாதா.
துடைத்துக் கொடுத்தேன்.
அப்புறம்தான் பார்த்தேன், சுற்றி நின்றவர்களில்
எங்கள் வாடிக்கைக்காரர் யாராவது உண்டா என்று.

இப்போது அண்ணாச்சி ராத்திரியும் கடை திறக்கப்போகிறார்.
வாரம் மூன்று ராத்திரி எனக்கு.
சம்பளத்தில் நாலாயிரம் கூட.
தூக்கம் கெடக் கூடாது என்று
டாக்டர் இரண்டு கோடு போட்டு எழுதிய தாள்
அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.

"வீட்ல விடமாட்டாங்க அண்ணாச்சி."
இவ்வளவு போதும்.
பெண்பிள்ளை சொன்னால்
அந்தப் பொய்க்கு யாரும் ரசீது கேட்பதில்லை.
உண்மைக்குத்தான் கேட்பார்கள்:
எப்போதிருந்து, யார் வழியில் வந்தது,
வரன் பார்க்கிறவர்களிடம் சொல்லியாச்சா.
கூட வேலை பார்க்கும் பேச்சிமுத்து நல்லவன்.
நல்லவன் என்பதால்தான் பயம்.
ஏணியில் ஏறவிடமாட்டான்,
தும்மினால் ஓடி வருவான்,
நான் விழாத ஆயிரம் நாளையும்
விழப்போகும் நாளாக்கிவிடுவான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒருவர்.
செக்கானூரணிப் பக்கம், நகக்கண்ணில் சிமெண்ட்.
சீட்டு செல்போனுக்கு அடியில்.
என் மாத்திரை, பாதி அளவு.
"பையனுக்கு. ஆறாவது படிக்கான்.
கொடைக்கானல் டூர் போறாங்க.
வாத்தியார்ட்ட சொல்லணுமாம்மா?
சொன்னா விட்டுட்டுப் போயிருவாங்கள்ல?"
மூன்று அட்டை, பத்துப் பத்து.
எண்ணத் தேவையில்லை. எண்ணினேன்.
"தெரியலைங்க" என்றேன்.
ஏழு வருஷத்தில் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து
அந்தச் சொல் போனதில்லை.
படியிறங்கியவரைக் கூப்பிட்டு,
"ஒருத்தர்ட்டயாவது சொல்லிருங்க.
ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும்.
சாவி கீவி கையில குடுக்க வேணாம்."
அவர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

கடை சாத்தும் நேரம்
அண்ணாச்சி ஷட்டர் சாவியை நீட்டினார்.
மூன்று சாவி, கனத்த இரும்பு வளையம்.
"ஒண்ணாந் தேதியிலருந்து இது உன்கிட்ட."
கை நீளவில்லை.
சொன்னேன்.
இழுப்பறையைக் காட்டிச் சொன்னேன்.
நோயின் பெயரைச் சொல்வதைவிட அது சுலபம்.

சாவியை மேசையில் வைத்தார்,
எனக்கும் அவருக்கும் நடுவில்.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு கேட்டார்:
"இத்தனை நாள்ல அந்த ஏணியில
எத்தனை தடவை ஏறியிருப்ப?"
கோபமா, பயமா?
எந்த டாக்டர் கிறுக்கலையும் படிப்பேன்,
அந்த முகத்தைப் படிக்க முடியவில்லை.

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து
ஒரு பெண் சீட்டை நீட்டினாள், நாலாக மடித்து.
"இருக்காண்ணே?"
இருக்கிறது என்றோம் இரண்டு பேரும்,
ஒரே நேரத்தில்,
குரலைத் தாழ்த்தி.