கணுக்கால்

ஆப்பிள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான் எண்டெல்.
மேலே பழைய சாக்கு, அதன்மேல் அவன் தொப்பி.
"பதினோரு வாரம் ஆச்சு. பலகை அடுக்குக்குக் கீழே பிறந்து
அங்கேயே வளர்ந்தது.
மில்லில் யாரும் தொட்டதில்லை.
மரம் அறுக்கிற சத்தம் தெரியும். மனுஷன் தெரியாது."
சொல்லிவிட்டுத் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

பெட்டியைச் சாய்த்தேன்.
ஒரு பழுப்பு நிறம் தரையில் ஓடி
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே,
துடைப்பம்கூட நுழையாத சந்தில் போய் நின்றது.
அதன்பிறகு நான்கு நாள்
என் வீட்டில் இரண்டு கண்கள் மட்டும் குடியிருந்தன.

நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
சாரேமா தீவில், நவம்பரிலிருந்து மார்ச் வரை,
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
மற்றவர்கள் எழும் முன் சாலையைத் திறந்துவைப்பது பிழைப்பு.
அவசரம் கூடாதென்று எனக்குத் தெரியும்.
வேகமாய்த் தள்ளினால் பனி
யார் வீட்டு வாசலிலாவது போய்க் குவியும்.

தெரிந்தும் இரண்டாம் நாள் சந்துக்குள் கையை விட்டேன்.
கடிக்கவில்லை. கத்தவில்லை.
நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.
கடித்திருந்தால் தேவலை.
வெளியே எடுத்த அந்தக் கையை
அன்று முழுக்க எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு தரையில் படுத்தேன், முதுகை அதற்குக் காட்டி.
கையில் கிடைத்ததை உரக்க வாசித்தேன்:
மின்கட்டணச் சீட்டு, படகு நேர அட்டவணை,
மீன் டப்பாவின் பின்பக்கம்.
"விர்ட்சு துறை, ஏழு முப்பத்தைந்து. ஞாயிறு கிடையாது."
வெந்த ஈரல் துண்டுகளைத்
திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் எறிந்தேன்.
மறுநாள் அப்படியே கிடந்தன.
அடுத்த நாள் இரண்டு குறைந்தது.
அதற்கடுத்த நாள் தரைகூட நக்கியிருந்தது.
இரவில்தான் எல்லாம், நான் வண்டியில் இருக்கும்போது.
நான் இல்லாத வீட்டோடு அதற்குப் பகையில்லை.

அக்கா போனில் சொன்னாள்:
"குட்டிகளுக்கு ஒரு கதவு திறந்திருக்குமாம்,
பன்னிரண்டாம் வாரம் வரைக்கும். அப்புறம் சாத்திக்கொள்ளுமாம்."
நாள்காட்டியைப் பார்த்தேன்.
வியாழனோடு முடிந்திருந்தது.
வியாழன் என்ன செய்தேன்?
சாலையில் உப்புத் தூவினேன்.

பதினேழாம் இரவு, வேலைக்குக் கிளம்பும் நேரம்,
குழாய் ஒழுகியது.
ஸ்பேனரோடு பாத்திரத் தொட்டிக்கு அடியில் புகுந்தேன்.
தலை உள்ளே, மார்பு உள்ளே,
இடுப்புக்குக் கீழே நான் வெளியே.
நட்டு அசையவில்லை.
குழாயின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தேன்.
அப்போது கணுக்காலில், காலுறை சரிந்த இடத்தில்,
ஏதோ குளிர்ந்தது.
தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.
தண்ணீர் மூச்சு விடாது.

அசையவில்லை நான்.
ஒழுகல் நெற்றிக்கு வந்தது.
சொட்டு. புருவம் தாண்டிக் காதுக்குள்.
சொட்டு.
மேலே பலகை, இருட்டு, ஈர வாடை,
எங்கோ வெளிச்சத்தில் யாரோ.
இப்படித்தான் இருந்ததா உனக்கு,
அந்த அடுக்குக்குக் கீழே?

முகர்ந்தது. விலகியது. நகங்கள் தூரம் போகும் சத்தம்.
எண்ணத் தொடங்கினேன், வேறென்ன செய்ய.
முப்பத்தொன்றில் நகங்கள் திரும்பின.
இந்த முறை மூக்கு இல்லை,
மோவாய். முழுசாய் இறக்கிவைத்த மோவாய்.

கால் மரத்தது. காதில் குளம் கட்டியது.
அன்று சாலை இருபது நிமிடம் தாமதமாய்த் திறந்தது.
பால் வண்டிக்காரர் புகார் கொடுத்தார்.
காரணம் எழுதும் கட்டத்தில் "குழாய்" என்று எழுதினேன்.
பொய்யில்லை.

பெயர் அதற்குப் பிறகுதான் வைத்தேன். புரு.
எங்கள் பேச்சில் தூள், மரத்தூள்.
அந்த வாசம் காதுக்குப் பின்னால் இன்னும் இருக்குமென்று நினைக்கிறேன்.
நினைக்கத்தான் முடியும்.
அங்கே முகர அவன் இன்னும் விடவில்லை.

குழாயைச் சரிசெய்யவில்லை. ஒரு வாளி வைத்திருக்கிறேன்.
சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு,
காலுறையை ஒரு பக்கம் சரித்துவிட்டு,
அடியில் போய்ப் படுக்கிறேன்.